இடி இடித்த நாட்களின் கோப்புகள்

1. குடவாசலில் அண்ணி நடத்தும் இணைய சேவைக் கடையின் கணினியில் இடம் தீர்ந்துபோனது.

2. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் பெரியதாக ஒன்றை வாங்கிக்கொண்டு நான் தஞ்சாவூரிலிருந்து போனேன். பழைய எஸ்.எஸ்.டி.யில் இருந்த இயங்குதளத்தை, கூட இருந்த எல்லாவற்றோடும் சேர்த்து, புதியதற்கு அப்படியே நகல் எடுத்தேன்.

3. கணினி புதியதிலிருந்து எழுந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

4. அண்ணி கேட்டுக்கொண்டதால் பழையதைக் கழற்றாமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

5. மழை பிடித்துக்கொண்டது.

6. கடையில் கோப்புகள் காணாமல் போகத் தொடங்கின. சில, ஓரிரு நாளில் தானாகத் திரும்பி வந்தன.

7. திரும்பி வராத ஒன்று, கீழத்தெரு அக்கா ஒருவரின் அடங்கல். அது இல்லாமல் அவருடைய சம்பா பயிருக்குக் காப்பீடு செய்ய முடியாது. அது இல்லை என்பது, காப்பீட்டின் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது.

கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இடுக்கு வழியாகத் தூறல் முழங்கையை நனைக்க, போனில் இதை எழுதினேன். எந்தக் கோளாறானாலும் எண் போட்டு எழுதிப் பார்ப்பது என் வழக்கம். நான் பார்ப்பது கணினிகளைப் பராமரிக்கும் வேலை. வரிசையாக எழுதினால், ஏதோ இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு ஓட்டை கண்ணில் படும். அங்கே விரலை விட்டால் கோளாறு கிடைத்துவிடும். அன்று ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. எழுதியதை அழித்து மறுபடி எழுதினேன். பாபநாசம் தாண்டியதும் மறுபடி அழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பரீட்சையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இடம் எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணியின் கடையில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், பட்டா நகல் எடுக்கலாம், பயிர்க் காப்பீடு பதியலாம். அதற்கு வருகிறவர்கள் கொடுக்கும் தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவார். வேலை முடிந்ததும் மற்ற கடைகளில் அழித்துவிடுவார்கள். அண்ணி அழிப்பதில்லை. முதலில் மறந்துபோய் அழிக்காமல் விட்டிருக்கிறார். அப்புறம் யாரோ ஒருவர் வந்து, வீட்டில் கரையான் அரித்துவிட்டது, போன வருஷம் உன்னிடம் கொடுத்தேனே, அதில் ஒரு நகல் எடுத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுத்தார். அதோடு செய்தி பரவிவிட்டது. சுற்று வட்டாரத்தில் பாதிப்பேர் பீரோவைத் திறப்பதற்குப் பதிலாக அண்ணியின் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கிரயப் பத்திரம், சாதிச் சான்றிதழ், மகளின் மதிப்பெண் பட்டியல், ஒருவருடைய ஜாதகம், இன்னொருவருடைய மாட்டின் காப்பீட்டுப் படம் என்று கணினித் திரை முழுக்க சின்னச் சின்ன மஞ்சள் உறைகள். அவற்றுக்கு அண்ணி வைத்திருக்கும் பெயர்கள் இன்னொருவருக்குப் புரியாது. ‘மேலத்தெரு மீசை’, ‘போர்செட்டு’, ‘சிங்கப்பூர் மாமியார்’.

ஊர் ஜனங்களின் ஆதார் அட்டைகளை இப்படி வைத்திருப்பது சரியில்லை என்று வாதாடிப் பார்த்தேன். பழையதை எல்லாம் அழித்தால் புதிய எஸ்.எஸ்.டி.யே வேண்டாம் என்றும் சொன்னேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். பிறகு, நீ போய் அவங்க ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டு வா, நான் அழிச்சுடறேன் என்றார். ஒரு கடவுச்சொல்லுக்கு மட்டும் சம்மதித்தார்.

எல்லாவற்றையும் புதிதாக நிறுவாமல் நகல் எடுத்ததற்குக் காரணம், கைரேகைக் கருவி. விண்ணப்பிப்பவரின் விரலை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னப் பெட்டி அந்தக் கணினியின் பெயரில் பதிவாகியிருந்தது. இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டால் மறுபடி பதிய வேண்டும். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம். காப்பீட்டுப் பருவத்தில் கடை அத்தனை நாள் மூடிக் கிடக்க முடியாது. அதனால் இருந்தது இருந்தபடியே, ஒரு தூசியும் விடாமல், சின்னதிலிருந்து பெரியதற்கு மாற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாற்றினேன். நகல் ஓடிய நேரம் முழுக்க நான் உட்காரவில்லை. நீலப் பட்டை நகரும், நிற்கும், மறுபடி நகரும். நிற்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்த் திரும்பினேன். வேலையில் இதைவிடப் பெரிய மாற்றங்களைச் செய்திருக்கிறேன். அங்கே தப்பாகப் போனால் ஒரு மின்னஞ்சல் வரும். இங்கே தப்பாகப் போனால் மேலத்தெரு மீசை நேரில் வருவார்.

சரியாகத்தான் முடிந்தது. பழையதைக் கழற்றத் திருப்புளியை எடுத்தபோது அண்ணி தடுத்தார். அவர் பிறந்த வீட்டில் விதைநெல் மொத்தத்தையும் ஒரே நாளில் விட்டுவிட மாட்டார்கள். நாற்றங்கால் பச்சை கட்டும்வரை ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார்கள். மழை அடித்து நாற்று அழுகினால் மறுபடி விட வேண்டுமே.

“புதுசு பச்ச கட்டட்டும். அப்பறம் பழசக் கழட்டிக்க” என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வேலையிலும் பழையதை உடனே தூக்கிப் போட மாட்டோம். முதலில் புதியதிலிருந்து எழு என்று கணினிக்குச் சொல்லி, அமைப்பில் வரிசையை மாற்றி வைத்துவிட்டு, மூடியைத் திருகிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரமே போன் வந்தது. நேற்று வைத்தது இன்று இல்லை என்றார் அண்ணி. இரண்டு நாள் கழித்து, இல்லாமல் போனது இருக்கிறது, இருந்தது இல்லை என்றார். குரலில் முதல் தடவையாக ஒரு பயம் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் ஜாடையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர், உன்னிடம் கொடுத்து வைத்ததற்குப் பதில் காவேரியில் விட்டிருந்தால் பூம்புகாரிலாவது போய்ப் பொறுக்கியிருக்கலாம் என்றாராம். அண்ணன் தன் பங்குக்கு, உங்க அண்ணிக்குக் கண்ணுல பூச்சி பறக்குது, கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போ என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நேரத்தில் நாலு தரம் எழுந்து போய் போன் செய்தேன். வைரஸ் இருக்குமோ என்று பார்த்தேன். புதிய எஸ்.எஸ்.டி. பழுதோ என்று, தூரத்திலிருந்தே அண்ணியின் திரையை என் திரையில் திறந்து சோதித்தேன். பழுதில்லை. ஒரே பெட்டிக்குள் ஒரே மாதிரி இரண்டு இருப்பதுதான் ஏதோ குழப்பம் செய்கிறது என்று மட்டும் ஊகித்து, பழையதைக் கழற்றிவிடும்படி அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. விடியற்காலையில் பட்டுக்கோட்டைக்குத் தேங்காய் ஏற்றக் கிளம்புமுன் கழற்றிவிட்டான்.

அதன் பிறகு எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால், போனது எதுவும் திரும்பியும் வரவில்லை. அப்படிப் போனவற்றில்தான் கீழத்தெரு அக்காவின் அடங்கல் இருந்தது.

எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள்தான் அடங்கல். அக்காவுக்குச் சொந்த நிலம் கிடையாது. சென்னையில் இருக்கும் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். நட்ட பயிர் தன்னுடையது என்று சொல்ல அவரிடம் இருந்தது அந்த ஒரு தாள். அதைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்த அன்று காப்பீட்டுத் தளம் திறக்கவில்லை. ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, சர்வர் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று அனுப்பியிருக்கிறார் அண்ணி. அடுத்த மழையில் அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து தாள் கூழாகிவிட்டது. அவர் அதற்குக் கவலைப்படவில்லை. அதுதான் பொட்டியில் இருக்கிறதே. கிராம நிர்வாக அலுவலர் வெள்ள நிவாரண முகாம் வேலையில் இருந்தார். புதிதாக ஒன்று வாங்கச் சில நாட்களாவது வேண்டும். காப்பீட்டுக்கு ஒரு நாள் இருந்தது. பயிர் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றது.

நான் கடைக்குள் நுழைந்தபோது அந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முட்டிவரை சேறு காய்ந்திருந்தது. வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அண்ணி அவரிடம், இதுதான் என் நாத்தனார், இதுதான் பொட்டிய மாத்துனது என்று என்னை அறிமுகப்படுத்தினார். மாற்றினது என்ற சொல் எப்படி ஒலிக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன்.

“எடுத்துக் குடுத்துருவல்ல பாப்பா?” என்றார் அக்கா. கேள்வியாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது போல இருந்தது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கணினி அணைந்து கிடந்தது. முந்தின நாள் மாலை இடி என்று, அண்ணி வழக்கம்போல யூ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார். எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஐப்பசியில் முதல் இடி கேட்டதும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் டி.வி. பிளக்கைத் தேடி ஓடுவார். தஞ்சாவூரில் என் அறையில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

அண்ணி பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வரிகள் வந்தன. நான் குனிந்து படிப்பதற்குள் அண்ணி எப்ஒன் விசையைத் தட்டிவிட்டார். கணினி எழுந்துவிட்டது.

என்ன அது என்று கேட்டேன்.

“அதுவா? இடிக்குப் புடுங்கிட்டுத் திரும்பப் போட்டா அப்படித்தான் ஏதாவது கேக்கும். அமுக்குனா போயிரும்” என்றார்.

எத்தனை நாளாக என்றேன். ரொம்ப நாளாக, கடை ஆரம்பித்துக் கொஞ்ச காலத்திலிருந்தே என்றார். நான் வந்து மாற்றிய அன்று வெயில் அடித்தது. பிளக் பிடுங்கப்படவில்லை. அதனால் அந்தத் திரையை நான் பார்க்கவில்லை.

அணைக்கச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டு, இந்த முறை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். தேதியும் அமைப்புகளும் அழிந்துவிட்டன, தொடர எப்ஒன் அழுத்தவும் என்று இருந்தது. கணினியின் தாய்ப்பலகையில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மின்சாரம் முழுக்க அறுந்தாலும் தேதியையும், எதிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது எப்போதோ செத்துப்போயிருந்தது. தேதியை இணையம் வந்ததும் கணினி தானே திருத்திக்கொள்ளும். எஸ்.எஸ்.டி. ஒன்றே ஒன்று இருந்தவரை வரிசை அழிந்தாலும் கவலையில்லை. இரண்டாவது வந்த பிறகு கதை வேறு.

அக்காவின் பக்கம் திரும்பி, ஸ்கேன் செய்ய வந்த அன்று வானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நல்லா இடிச்சு ஓஞ்சுது. உங்க அண்ணி கடையத் திரும்பத் தொறந்தப்ப நான்தான் மொத ஆளு” என்றார்.

இதுதான் நடந்திருக்கிறது. இடி இடித்துப் பிளக் பிடுங்கிய பிறகு, கணினி என் வரிசையை மறந்துவிட்டு, முதல் கேபிளில் எது இருக்கிறதோ அதிலிருந்து எழுந்திருக்கிறது. முதல் கேபிளில் இருந்தது பழையது. அன்றைய வேலை பழையதில் பதிவாகியிருக்கிறது. காப்பியும் மூலமும் ஒரே அடையாளத்தோடு இருந்ததால், ஒன்று எழுந்தால் மற்றதைக் கணினி மறைத்து வைத்துவிடும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இடையில் ஒரு நாள் தூரத்திலிருந்து நான் சோதித்தபோது, புதியது எங்கே காணோம் என்று வரிசையைப் பார்த்துத் திரும்ப மாற்றியிருக்கிறேன். அதைப் பெரிதாக எண்ணவில்லை. இன்னொரு முறை, நான் போனில் சொல்லச் சொல்ல அண்ணன் மாற்றியிருக்கிறான். அதன் பிறகு அடுத்த இடிவரை புதியது. ஆக, தெளிந்த நாட்களின் கோப்புகள் புதியதிலும், இடி இடித்த நாட்களின் கோப்புகள் பழையதிலும் இருந்தன. எதுவும் காணாமல் போகவில்லை.

அக்காவின் அடங்கல் பழையதில் இருந்தது. பழையது அண்ணனிடம் இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பட்டுக்கோட்டையில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். மட்டை உரிக்கும் ஆட்களின் சத்தம் கேட்டது. கழற்றியது எங்கே என்றேன்.

“அதுவா? இன்னைக்குக் காலையிலதான் இங்க செல்போன் கடையில குடுத்தேன். ஒரு கேஸ் போட்டு, அழிச்சுட்டு, வண்டியில கேக்கறதுக்குப் பாட்டு ஏத்தித் தரச் சொல்லியிருக்கேன்.”

அவன் சொன்னதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கினார். மரியாதையாகவே பேசினார். லோடை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போங்க, அதை யாரும் தொடக் கூடாது, வாங்கிக்கிட்டு நேரா இங்க வாங்க என்றார். தேங்காய்க்காரர் திட்டுவார் என்று அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். திட்டட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவன் கடைக்குப் போய்ச் சேர்ந்து திரும்பக் கூப்பிடுவதற்குள் நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். மேசையைத் துடைத்தேன். பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். எஸ்.எஸ்.டி.யில் ஒருமுறை அழித்ததைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் நடக்காது என்பது எனக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொல்லவில்லை. அக்கா எழுந்து டீ வாங்கிவரப் போனார். நான் போகிறேன் என்றதற்கு, நீ நடக்கிற நடையில டீ கீழ ஊத்திரும் என்றார்.

போன் அடித்தது. அழித்தாகிவிட்டதா என்று நான் கேட்பதற்குள் அண்ணன் சொன்னான். “காலையிலேருந்து இங்க கரண்டே இல்லயாம். கவரைக்கூடப் பிரிக்கல.”

மன்னார்குடி வழியாக அவன் வந்து சேரப் பிற்பகல் போய்விட்டது. அன்றைய நாள் முடியும்வரை தளம் திறந்திருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் கடைசி நாள் சாயங்காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்து சர்வர் படுத்துவிடும் என்பது அண்ணி ஒவ்வொரு வருஷமும் கண்டது. மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. அண்ணன் உரப்பையின் உள்கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து என்னிடம் நீட்டினான்.

“இந்த அளவு சாமானுக்குத்தான் ஒரு லோடு தேங்காயை நடுரோட்டுல விட்டுட்டு வந்தேன்” என்றான்.

“பேசாம நில்லு” என்றேன்.

புதியதன் கேபிளைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் சொருகினேன். இனி இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்குத் தைரியமில்லை. எழுந்தது. அண்ணி ‘கீழத்தெரு செம்பருத்தி’ என்ற உறையைத் திறந்தார். அடங்கல் இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருந்தன. அண்ணி நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தளத்தைத் திறந்தார். உள்ளே போகவே பல தடவை முயல வேண்டியிருந்தது. புல எண், பயிர், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தது.

பாதியில் முதல் இடி இடித்தது.

அண்ணியின் கை தானாக மேசைக்குக் கீழே போனது. பிளக்கைத் தொட்டும்விட்டார். பிறகு கை அப்படியே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கடையில் இடி இறங்கி, அப்போது இருந்த இன்னொரு கணினியும் பிரிண்டரும் கருகிப்போயின. எதிர்க் கடையில் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. தெரு முழுக்க பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

“புடுங்கிரு தங்கச்சி” என்றார் அக்கா. “பயிருதான் போச்சு. பொட்டியும் போக வேணாம்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், யூ.பி.எஸ்.ஸை அணைக்காதீர்கள் என்றேன். அதன் பேட்டரி பழையது. எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரிண்டரையும் மற்றவற்றையும் அதிலிருந்து உருவினேன். இணையப் பெட்டியையும் உருவிவிட்டு என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். பிளக் சுவரைவிட்டு வந்ததும் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. அண்ணன் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினான். அதனால் ஒன்றும் குறையவில்லை.

அடங்கல் ஏறியது. கடைசிப் பக்கம், கைரேகை.

“கைய வைங்கக்கா” என்றார் அண்ணி.

வைத்தார். ஏற்கவில்லை. வயல் தண்ணீரில் நாள் கணக்காக ஊறிய தோல், அதற்கும் மேல் நாற்றுப் பறித்துத் தேய்ந்த விரல். அண்ணி தன் முந்தானையால் அந்த விரலை அழுத்தித் துடைத்து, தன் கையாலேயே அதைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். இல்லை. அடுத்த விரல். இல்லை. மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணி சமர்ப்பி என்பதைச் சொடுக்கினார். வட்டம் சுற்றியது. யூ.பி.எஸ். கத்தல் நீண்ட ஒரே சத்தமாக மாறியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது திரை கறுத்துவிட்டது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. போயிற்றா என்று அக்கா கேட்டார். தெரியவில்லை என்றேன். என்னிடம் இருந்த உண்மையான பதில் அது ஒன்றுதான். அனுப்பிய பிறகு அணைந்ததா, அனுப்புமுன் அணைந்ததா என்று இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

என் போனில் தளத்தைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. மறுபடி பார்த்தேன். அண்ணனின் போனில் பார்த்தேன். தெருவில் மின்சாரமும் போயிருந்தது. அக்கா, விடு பாப்பா, நீயும்தான் எவ்வளவு நடப்ப என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே கிளம்பினார். மடை ஒன்று அடைத்துக் கிடக்கிறதாம், இருட்டுவதற்குள் வெட்டிவிட வேண்டுமாம். காப்பீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வயலில் தண்ணீர் வடிய வேண்டுமே.

மறுநாள் காலையில் தளம் திறந்தது. அண்ணியின் கணக்கில் அக்காவின் விண்ணப்பம் இருந்தது. பெறப்பட்டது என்று ஒரு எண்ணும் கொடுத்திருந்தார்கள். அண்ணி அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நெகிழி உறையில் போட்டுத் தன் சைக்கிளிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்தப் பகல் முழுக்க உட்கார்ந்து இரண்டு எஸ்.எஸ்.டி.களையும் கோப்பு கோப்பாக ஒப்பிட்டேன். இடி நாட்களில் சேர்ந்தவற்றையெல்லாம் புதியதில் சேர்த்தேன். தாய்ப்பலகையின் பேட்டரியை மாற்றினேன். புதியதை முதல் கேபிளில் போட்டேன்.

இப்போது நிலைமை இது. கணினி ஒரே எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிறது. பழையதை நான் தஞ்சாவூருக்கு எடுத்துவந்துவிட்டேன், இன்னும் அழிக்கவில்லை. அக்காவின் வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது, பாதிப் பயிர் தேறவில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சேதத்தைப் படம் எடுக்க ஒருவர் வந்துபோயிருக்கிறார். இன்று காலை பார்த்தபோதும் விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ என்றுதான் காட்டியது.